ஆயா சொன்ன முதல் பாதி

நெல்லித்தோப்புக் கோயிலில் மாலை ஆறு மணிக்கு மணி அடித்தால் எங்கள் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிடுவார். அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் முறம் அந்த இடத்திலேயே கிடக்கும். முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு, கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவார். முதலில் திரிகாலச் செபம், பிறகு ஐம்பத்து மூன்று மணிச் செபம். அவருக்குப் பெரிய குரல். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் எங்களைத் தனியாகக் கூப்பிடத் தேவையே இல்லை. குரல் கேட்டதும் கோலிக்குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்துவிடுவோம்.

செபமாலை சொல்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்: ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்ல வேண்டும். இன்று மங்கள வார்த்தை செபம் என்கிறோமே, அதற்கு அன்றைக்குப் பிரியதத்த மந்திரம் என்று பெயர். எங்கள் வீட்டில் முதல் பாதி எப்போதும் ஆயாவுடையது. அம்மா, சித்தி, பிள்ளைகள் நால்வர், சில நாள் பக்கத்து வீட்டு அம்மாள், எல்லோருக்கும் இரண்டாம் பாதி. ஆயா மூன்றாவது வார்த்தையில் ஓர் இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பு முடிவதற்குள் நாங்கள் மூச்சு எடுத்துத் தயாராகிவிடுவோம்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் வேதாகமமும் இல்லை. செபப் புத்தகம் ஒன்று பரணில் இருந்தது. அதை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் லூக்கா நற்செய்தியை நானாக எடுத்து முதலிலிருந்து படித்தேன். முதல் அதிகாரம் 28-ஆம் வசனம், வானதூதர் மரியாளுக்குச் சொன்ன வாழ்த்து. 42-ஆம் வசனம், எலிசபெத்தம்மாள் சொன்ன வாழ்த்து. ஆயாவின் முதல் பாதி இந்த இரண்டிலிருந்தும் வந்ததுதான். கர்த்தர் கற்பித்த செபம் மத்தேயு ஆறாம் அதிகாரம். திரிகாலச் செபத்தில் லூக்காவும் உண்டு, யோவான் முதல் அதிகாரமும் உண்டு. வேதாகமத்தைக் கையால் தொட்டிராத ஒரு கிழவி, நாள் தவறாமல் ஐம்பது தடவைக்கு மேல் வேத வசனம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நாங்கள் சொன்ன இரண்டாம் பாதி வேதத்தில் இல்லை. அது திருச்சபை சேர்த்த மன்றாட்டு. 1568-இல் ஐந்தாம் பயஸ் பாப்பரசர் வெளியிட்ட கட்டளைச் செபநூலில் அது இப்போதுள்ள வடிவில் இடம்பெற்றது. அதாவது, ஒருவர் வசனத்தைச் சொல்கிறார். கேட்டவர்கள் அதற்குப் பதிலாக மன்றாடுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1961-இல் எனக்குப் பத்து வயது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் வகுப்பு தொடங்கும்போது பிரெஞ்சில் செபம் சொல்வோம். பூசைக்கு உதவி செய்யும் பையன்களுக்கு லத்தீனும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உச்சரிப்பில் பிழை வந்தால் கையை நீட்டச் சொல்லி ரூல்தடியால் ஒன்று விழும். அப்படிக் கற்றுக்கொண்ட பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

செபமாலை முடிந்ததும் ஆயா மாதா பிரார்த்தனை சொல்வார். அதன் பதில் மட்டும் லத்தீனில் வரும். மூன்று லத்தீன் வார்த்தைகள். ஆயா அவற்றை ஒன்றாகக் கட்டி 'ஓரப்பொரநோபிசு' என்று வைத்திருந்தார். ஒருநாள் எல்லோர் முன்னாலும் நான் நிறுத்தினேன்.

"ஆயா, அது ஒரு வார்த்தை இல்ல, மூணு. அர்த்தம் தெரியாம தப்புத் தப்பாச் சொல்றீங்க. எங்க ஸ்கூல்ல கேட்டா சிரிப்பாங்க."

ஆயா கோபித்துக்கொள்ளவில்லை. "நீ படிச்ச புள்ள, சரியாத்தான் இருக்கும்பா" என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கு விளக்கு ஏற்றினார். படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நான் வீட்டில் இல்லாத நாட்களில் பழையபடி சத்தமாகத்தான் சொல்வாராம். சித்தி பிறகு சொன்னார். நான் இருந்தால் வாய்க்குள்ளேயே முடித்துக்கொள்வார். முதல் பாதி காதில் விழாததால் நாங்களும் இரண்டாம் பாதி சொல்வதை நிறுத்திவிட்டோம். கொஞ்ச நாளில் விளையாட்டு ஆறரை வரைக்கும் நீண்டது. வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

1967-இல் ஆயா படுக்கையில் விழுந்து கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சாமியார் வந்து அவஸ்தை பூசிவிட்டுப் போயிருந்தார். கூடம் நிறைய உறவுக்காரர்கள். பெரியப்பா என்னைப் பார்த்து, "நீதான் படிச்சவன், செபமாலையைத் தொடங்குடா" என்றார். எனக்குப் பதினாறு வயது. மணியைக் கையில் எடுத்தேன். பிரெஞ்சில் முழுசாக வரும். தமிழில் எனக்கு இரண்டாம் பாதிதான் வந்தது. முதல் பாதியை நான் ஒருநாளும் சொன்னதில்லையே! அதைச் சொல்ல வேண்டியவர் அங்கே கண்மூடிக் கிடக்கிறார். நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அத்தை ஒருவர் மணியை வாங்கிக்கொண்டு தொடங்கினார். இன்றைக்கும் அந்த அரை நிமிடத்தை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். 1973-இல் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பக்கத்து மேசைக்காரர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த சீர்திருத்த சபைக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவேன். காலையில் மேசை டிராயரைத் திறக்கும் முன் ஒரு சங்கீதத்தை, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்குச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவர் சபையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டை கண்ணாடிக்கு அடியில் இருக்கும்.

அந்தக் காலத்து அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 'கம்பேர் பண்ணுவது' நினைவிருக்கும். டைப் அடித்து வந்த உத்தரவை ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவார். சர்வே எண், பரப்பு, பெயர், தகப்பனார் பெயர், காற்புள்ளி வரைக்கும் வாசிக்க வேண்டும். எனக்கு முதலில் இது வீண் வேலையாகத் தெரிந்தது. கண்ணால் பார்த்தால் போதாதா? ஒருநாள் நான் இரண்டு முறை பார்த்துச் சரி என்று வைத்த ஒரு நில அட்டவணையை அண்ணாச்சி வாசிக்கச் சொன்னார். வாசித்தபோது நடுவில் ஒரு வரியே இல்லை என்பது தெரிந்தது. ஒரு விதவைக்குச் சேர வேண்டிய இழப்பீடு அந்த வரியில் இருந்தது. "தம்பி, கண்ணு தாவிரும். நாக்கு தாவாது. அப்படியே தாவினாலும் எதிர்த்தாப்பல ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான்லா" என்றார்.

அவர்தான் எனக்கு ஒரு கதையையும் காட்டிக்கொடுத்தார். திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரம். எருசலேமுக்கு வந்து திரும்பிப் போகிற எத்தியோப்பிய அமைச்சர் ஒருவர், தேரில் உட்கார்ந்து எசாயா ஆகமத்தை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிப்போய், வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே புரியும் என்கிறார் அமைச்சர். பிலிப்பு தேரில் ஏறிக்கொள்கிறார். "தேர்ல போறவன் என்ன வாசிக்கான்னு தரையில ஓடுறவனுக்கு எப்படித் தெரிஞ்சிது? அவன் சத்தமா வாசிச்சான்" என்றார் அண்ணாச்சி. நானும் அந்தப் பகுதியைக் கோயிலில் பல தடவை கேட்டிருக்கிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு இதைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். பழங்காலத்தில் வாசிப்பது என்றாலே பெரும்பாலும் வாய்விட்டு வாசிப்பதுதான். நான்காம் நூற்றாண்டின் கடைசியில், மிலான் நகர ஆயர் அம்புரோசியார் உதடு அசையாமல் கண்ணால் மட்டும் வாசிப்பதைப் பார்த்து அகுஸ்தீனார் வியந்து, அதைத் தம் 'பாவ அறிக்கை' நூலின் ஆறாம் பகுதியில் எழுதிவைத்தார். குரலைக் காப்பாற்றிக்கொள்ளவோ, யாராவது கேள்வி கேட்டு நிறுத்திவிடாமல் இருக்கவோ அப்படி வாசித்திருக்கலாம் என்று காரணமும் ஊகிக்கிறார். இரண்டாவது காரணத்தைக் கவனியுங்கள். சத்தமாக வாசித்தால் பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்பார் என்பது அவருக்கு அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது!

இன்னொன்று. முதல் சங்கீதத்தில், இரவும் பகலும் ஆண்டவருடைய சட்டத்தைத் தியானிக்கிறவன் பேறுபெற்றவன் என்ற கருத்து வருகிறது. யோசுவா ஆகமத்தின் தொடக்கத்திலும் அப்படியே. தியானம் என்றதும் கண்ணை மூடி வாயை மூடி உட்காருவதுதான் நமக்கு நினைவு வரும். எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'ஹாகா'. அதற்கு முணுமுணுப்பது, வாய்க்குள் ஓசைப்படுத்துவது என்று பொருள். இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும், புறாவின் குனுகலுக்கும் எசாயா ஆகமத்தில் இதே சொல்தான். இணைச்சட்டம் ஆறாம் அதிகாரத்தில், இந்த வார்த்தைகளை வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்ற கட்டளை வருகிறது. யூத வீடுகளில் காலையும் மாலையும் சொல்லும் 'ஷெமா' செபம் அந்த அதிகாரத்திலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கே 'கேள்' என்றுதான் பொருள். அரிசிமுறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்த என் ஆயா செய்ததும் இதுதானே!

சரி, ஆயாவின் வாய்க்கு அந்த வசனங்கள் எப்படி வந்து சேர்ந்தன? அவருடைய ஆயா சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அவருடைய ஆயா. தமிழில் இந்த வழக்கத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், முத்துக்குளித்துறைக் கரைக்குப் போய் நிற்கிறோம். 1542-இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசியமும் தமிழும் தெரிந்த சிலரைச் சேர்த்துக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனை, கர்த்தர் கற்பித்த செபம், பிரியதத்த மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டுவார். அவர் சொல்லச்சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதையெல்லாம் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நோயாளிகளைப் பார்க்க வரச்சொல்லி ஆள் மேல் ஆள் வருவார்களாம். எல்லா வீட்டுக்கும் போக முடியாததால், செபம் தெரிந்த சிறுவர்களை அனுப்புவாராம். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் நோயாளியைச் சுற்றி நிறுத்தி, எல்லோருமாகச் செபங்களைச் சொல்லச் செய்வார்களாம்.

1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபங்கள் ரோமன் எழுத்தில் அச்சாயின. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வந்தது. அண்டிரிக்கு அடிகளார் தந்த பதினாறு பக்க நூல் அது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல். சவேரியார் காலத்திலிருந்து கணக்குப் போட்டால் நூற்று எழுபது வருஷத்துக்கு மேல். அத்தனை காலமும் சாதாரணத் தமிழ்க் கிறிஸ்தவனிடம் இருந்த வேதம், வாயில் இருந்த வேதம்தான். கத்தோலிக்க வீடுகளில் அது இன்னும் வெகுகாலம் அப்படியே இருந்தது. கோயிலில் சாமியார் பீடத்தைப் பார்த்து லத்தீனில் பூசை வைப்பார். கீழே ஜனங்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது. தாய்மொழி வழிபாட்டுக்கு இடம் கொடுத்த ஆவணம் 1963 டிசம்பர் 4-ஆம் தேதி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பூசை தமிழுக்கு வந்தது, 'திருப்பலி' ஆனது. சர்வேசுரன் 'கடவுள்' ஆனார். அர்ச்சியசிஷ்டவர்கள் 'புனிதர்' ஆனார்கள். பிரியதத்தம் போய் 'அருள்' வந்தது. 1995-இல் பொதுமொழிபெயர்ப்பு விவிலியம் வந்த பிறகு எல்லா சபையாரும் ஒன்றாக வாசிக்க ஒரு நூல் கிடைத்தது. நல்ல மாற்றங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. புரிந்து சொல்வது நல்லதுதானே.

எனக்குப் பிரெஞ்சிலும் இதே அனுபவம். நான் பள்ளியில் படித்த கர்த்தர் கற்பித்த செபத்தில் கடவுளை மரியாதைப் பன்மையில் கூப்பிடுவோம். 1966-இல் அது ஒருமைக்கு மாறியது. தமிழில் 'நீர்' என்று இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல சொல் இருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்கு அந்த வசதி இல்லை. 2017 டிசம்பரில், சோதனை பற்றிய மன்றாட்டின் வாசகத்தை மறுபடியும் மாற்றினார்கள். பாரீசில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில், "அண்ணே, கோயில்ல எல்லாரும் புதுசு சொல்றாங்க, என் வாயி பழசுக்கே போவுது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வாய்க்குத் தனி ஞாபகம் உண்டு என்பதை அன்றைக்கு நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

2021 ஜூலையில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'அது... அது...' என்பதற்கு மேல் வராது. தண்ணீர் வேண்டும் என்றால் 'தண்ணி' என்ற வார்த்தை கிடைக்காது. தேடித்தேடிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கும். இதற்கு அஃபேசியா என்று பெயர் சொன்னார் டாக்டர். பேச்சுப் பயிற்சி தொடர வேண்டும், பொறுமை வேண்டும் என்றார்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன், இப்போது கோயிலில் சொல்கிற நடையில். முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவேன். அவள் உதடு அசையும், ஒன்றும் வராது. நானே இரண்டாம் பாதியையும் சொல்லி முடிப்பேன். அப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள் போனது. அவளை இப்படிச் சோதிப்பது பாவமோ என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் மாலை மின்சாரம் போய்விட்டது. கோயில் மணி அடித்தது. விளக்கேற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். என்ன நினைப்பில் இருந்தேனோ, வாயில் ஆயாவின் நடை வந்துவிட்டது. பிரியதத்தம் என்ற பழைய சொல், மூன்றாவது வார்த்தையில் அந்த இழுப்பு எல்லாம் வந்தன. நான் ஒருநாளும் சொல்லாத முதல் பாதி அது, கேட்டது மட்டும்தான். பாதி தூரம் போய்ப் பிசகி நின்றேன். ஆனால் அதற்குள் அவள் தொடங்கிவிட்டாள். அவள் சொன்ன முதல் வார்த்தை 'அர்ச்சியசிஷ்ட'.

நல்ல நிலையில் இருப்பவர்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நாக்கு எப்படிப் புரள்கிறது என்று. 'தண்ணி' சொல்ல முடியாதவள் அதைத் தெளிவாகச் சொன்னாள். அதோடு நிற்காமல் ஆமென் வரைக்கும் போய்விட்டாள். முடிந்ததும் தன் குரலைத் தானே கேட்டவள் போல என்னைப் பார்த்தாள். எனக்குக் கை நடுங்கியது. விளக்கைத் தரையில் வைத்தேன்.

அவளும் 1950-களில் பிறந்தவள். சிறுபிள்ளையில் அவள் வாயில் ஏறியது பழைய நடை. பிறகு நாற்பது ஐம்பது வருஷம் புது நடையில் சொன்னாலும், அடியில் பழையதுதான் கிடந்திருக்கிறது.

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. சொந்தமாக ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பேசுவது வேறு, சிறுவயதிலிருந்து சொல்லிப் பழகியது தானாக வருவது வேறு. பேச்சிழந்த சிலருக்கு எண்ணிக்கை, பாட்டு, செபம் இவை மிஞ்சி நிற்பதுண்டு என்றார். பிறகு நான் படித்ததில் ஒரு பழைய பதிவு கிடைத்தது. 1745-இல் சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஓலோஃப் தாலின் ஒரு மனிதரைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். நோயில் பேச்சு போனவர், முன்பே தெரிந்த ஞானப்பாட்டுகளைத் தெளிவாகப் பாடினாராம், சில செபங்களையும் சொன்னாராம். ஆனால் ஒன்று: தொடக்கத்தில் இன்னொருவர் கூடச் சேர்ந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இதைப் படித்தபோது ஆயாவின் ஞாபகம்தான் வந்தது. முதல் பாதியை யாராவது சொல்ல வேண்டும்.

எனக்கோ முதல் பாதி நடுவில் ஓரிடத்தில் தடுக்கியது. ஒரு வார்த்தை நினைவில் இல்லை. பரணில் இருந்த பழைய செபப் புத்தகம் வீடு இடித்துக் கட்டியபோது எங்கேயோ போய்விட்டது. அரியாங்குப்பத்தில் என் சித்தி இருந்தார், எண்பத்தெட்டு வயது. தொலைபேசியில் கேட்டேன்: "சித்தி, அந்த இடத்துல என்ன வார்த்தை வரும்?" அவருக்கு அந்த வார்த்தையை மட்டும் தனியாக எடுத்துச் சொல்ல வரவில்லை. "இருடா" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இடம் வந்ததும் வார்த்தை தானாக விழுந்தது. பழக்கத்தில் நான் இரண்டாம் பாதியைச் சொல்லிவிட்டேன். இருவரும் தொலைபேசியிலேயே ஒரு பத்து மணியை முடித்தோம். கடைசியில் சித்தி, "ஒங்க ஆயாவோட கொரல் மாதிரியே இருக்குடா" என்றார். இரண்டு வருஷம் முன்பு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதை எழுதும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என் மனைவிக்குப் பேச்சு திரும்பிவிடவில்லை. நான்கு வருஷப் பயிற்சியில் இருபது முப்பது வார்த்தைகள் வந்திருக்கின்றன. 'தண்ணி' வந்துவிட்டது, 'என்னங்க' வந்துவிட்டது. அதற்காகப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். வசனத்தைத் தினமும் உரக்கச் சொன்னால் நோய் பறந்துவிடும், கடன் தீர்ந்துவிடும், நினைத்தது நடக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். உறவுக்காரர் ஒருவர் எங்களுக்கும் அப்படி ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனதோடு கொடுத்தார், வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் மத்தேயு நான்காம் அதிகாரத்தைப் பார்த்தால் வேறு விதமாகத் தோன்றுகிறது. பாலைவனத்தில் இயேசு மூன்று முறையும் இணைச்சட்ட வசனத்தைச் சொல்லித்தான் பதில் கொடுக்கிறார், உண்மை. ஆனால் அங்கே சோதிக்கிறவனும் தொண்ணூற்றோராம் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறான். வசனம் சொன்னால் விழுந்தாலும் அடிபடாது என்பது அவன் கட்சி!

அதே இயேசு சிலுவையில் தொங்கும்போது அவர் வாயில் வந்தவை சங்கீதங்கள். மாற்கு, மத்தேயு எழுதியபடி இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்கம். லூக்கா எழுதியபடி முப்பத்தொன்றாம் சங்கீதத்திலிருந்து ஒரு வரி. சிறுவயதில் கற்றுக்கொண்டது. அதைச் சொன்னதால் அவர் சிலுவையிலிருந்து இறங்கிவிடவில்லை. பக்கத்தில் நின்றவர்களில் சிலர் அரைகுறையாகக் கேட்டு, எலியாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். இருந்தாலும் சத்தமாகச் சொன்னதால் யாரோ கேட்டார்கள். கேட்டதால்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

என் அனுபவத்தில், வேதத்தை வாய்விட்டுச் சொல்வதன் பலன் இவ்வளவுதான்: அது இன்னொருவர் காதில் விழுகிறது. தேரில் வாசித்தவருக்கு ஓடிவந்து கேட்க ஒரு பிலிப்பு கிடைத்தார். அண்ணாச்சி வாசித்தால் ஒப்பிட எதிரே நான் இருந்தேன். ஆயாவின் குரலுக்கு ஒரு வீடே பதில் சொன்னது. அந்தக் குரலை வாய்க்குள் போகச் செய்தவன் நான். மூன்று வார்த்தையை ஒன்றாகச் சொன்னதில் கடவுளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு யாராவது என் தலையில் ஒரு குட்டு வைத்திருக்கலாம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் நீங்கள் பலரும் என் வயதுக்காரர்கள். ஒரு வேண்டுகோள். உங்கள் வாயில் இருக்கும் பழைய நடையை, பிழையோடு இருந்தாலும், பேரப்பிள்ளைகள் இருக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள். அவர்கள் பிரெஞ்சிலோ இங்கிலீஷிலோ பதில் சொன்னாலும் விட்டுவிடுங்கள், திருத்த வேண்டாம். வீட்டில் பேச்சிழந்து படுத்திருப்பவர் யாராவது இருந்தால், அவர் சிறுவயதில் எந்த நடையில் கற்றாரோ அந்த நடையில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். பதில் வராமலும் போகலாம். மறுநாளும் சொல்லுங்கள்.

மணி ஆறாகப் போகிறது. உள்ளே இருந்து 'என்னங்க' என்று குரல் வருகிறது. விளக்கேற்ற வேண்டும். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.